பெயர் பெற்ற புயலும் பெயரில்லாப் பெருமழையும்

இராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் கடல் இல்லை. கிழக்கே வேம்பார்க் கடற்கரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே புயல் என்றால் அது நாகப்பட்டினத்தாரின் கவலை, கடலூராரின் கவலை என்று நம்மவர் எண்ணுவது வழக்கம். ஆனால் நம் பகுதியின் கண்மாய்களைக் கேட்டால் வேறு கதை சொல்லும். வடகிழக்குப் பருவமழையின்போது வங்கக் கடலில் எழும் ஒவ்வொரு சுழற்சியும் ஈரக் காற்றை மேற்கு நோக்கித் தள்ளுகிறது. அக்காற்று சமவெளியைக் கடந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. தென்மேற்குப் பருவத்தில் நமக்கு மழையை மறைத்து நிற்கும் அதே மலைதான் ஐப்பசி, கார்த்திகையில் மழையைப் பிடித்துத் தருகிறது. கடலில் பிறப்பது மலையடியில் முடிகிறது. ஆகவே புயலை முன்னறிந்து சொல்லும் கலை நமக்கும் உரியதே.

அந்தக் கலையின் வரலாற்றையும், குறிப்பாகக் கணினி மாதிரிகள் காற்றையும் மழையையும் எவ்வளவு சரியாகச் சொல்லி வந்திருக்கின்றன என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம். இலக்கியம் பயில்வோர் நடத்தும் பக்கத்தில் வானிலைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். திருவில்லிபுத்தூரில் வாழ்ந்துகொண்டு அப்படிக் கேட்பது பொருந்தாது. ஆண்டாளின் திருப்பாவை மூன்றாம் பாசுரம் மாதம் மூன்று மழை வேண்டுகிறது. அந்த மழை தீமை செய்யாமல் பெய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே வைக்கிறது. நான்காம் பாசுரமோ மேகம் கடலுள் புகுந்து நீரை முகந்து எழுவதையும், மின்னுவதையும், அதிர்வதையும், பொழிவதையும் வரிசை தவறாமல் காட்டுகிறது. மழை வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும் என்ற விருப்பம் இம்மண்ணில் பழையது. எவ்வளவு பெய்யும் என்று முன்னரே அறியும் முயற்சிதான் புதியது.

அம்முயற்சியின் தொடக்கம் அளவையில் இருக்கிறது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வு நிலையக் கட்டடம் 1792இல் எழுந்தது. விண்மீன்களை நோக்குவதற்காக அமைந்த அந்நிலையத்தில் வெப்பமும் காற்றழுத்தமும் மழையும் குறிக்கப்பட்டன. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் கப்பல்களின் பயணக் குறிப்பேடுகளைத் திரட்டி, வங்கக் கடல் புயல்களில் காற்று வட்டமாகச் சுழல்வதைக் காட்டினார். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'சைக்ளோன்' என்ற சொல் 1840களில் அவர் ஆக்கியதே. 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிப் பல்லாயிரவரைக் கொன்றது. அதன்பின் எச்சரிக்கை அமைப்பு வேண்டும் என்ற குரல் வலுத்து, 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. தந்தி வழியே வந்த காற்றழுத்த அளவுகளை வரைபடத்தில் குறித்து, அனுபவத்தால் ஊகித்துச் சொல்வதே அக்கால முறை.

வானிலையைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம் என்று துணிந்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரின்போது பிரான்சில் அடிபட்டோரை ஏற்றிச் செல்லும் வண்டிப் படையில் பணிசெய்துகொண்டே, 1910 மே 20ஆம் நாளின் வானிலையை அவர் கையால் கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை! எத்தகைய கொடும்புயலின் நடுவிலும் அவ்வளவு பெரிய மாற்றம் ஆறு மணி நேரத்தில் நிகழாது. ரிச்சர்ட்சன் அதை மறைக்கவில்லை. 1922இல் வெளியான தம் நூலில் முறையையும் தவறான விடையையும் சேர்த்தே அச்சிட்டார். கணித்ததையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய அந்த நேர்மைதான் இத்துறையின் முதல் மூலதனம் என்று நாம் கருதுகிறோம். 1950இல் அமெரிக்காவின் எனியாக் கணினியில் சார்னியும் ஃபியோர்டாஃப்டும் நாய்மனும் செய்த முன்கணிப்பு ஓரளவு பலித்தது. ஒரு நாளுக்கான கணிப்பைப் போட்டு முடிக்கவும் ஏறத்தாழ ஒரு நாளே ஆயிற்று.

நம் நாட்டில் இதற்கெனத் தனி நிறுவனம் 1988இல் அமைந்தது. தேசிய நடுத்தர எல்லை வானிலை முன்கணிப்பு மையம் என்பது அதன் பெயர். அமெரிக்காவிலிருந்து தருவித்த கிரே கணினியுடன் அது பணியைத் தொடங்கியது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது இவற்றில் ஒன்றும் இல்லை. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் கடலில் போயிற்று. அன்று வானிலையாளர் கையில் இருந்தவை கப்பல்கள் அனுப்பிய செய்திகளும், எப்போதோ ஒருமுறை மேலே கடந்து போகும் தொடக்க காலச் செயற்கைக்கோள்களின் படங்களுமே.

இனிக் கணினி மாதிரி என்பது என்ன என்று சுருக்கமாகக் காண்போம். வளிமண்டலத்தைச் சதுரங்கப் பலகைபோல் கட்டங்களாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றை ஒவ்வோர் எண்ணாகக் கொடுக்கிறார்கள். பின்னர் இயற்பியல் விதிகளின்படி அடுத்த சில நிமிடங்களில் அவ்வெண்கள் எப்படி மாறும் என்று கணினி கணக்கிடுகிறது. இப்படியே நிமிடம் நிமிடமாக நகர்ந்து பத்து நாள் வரை செல்கிறது. இதில் உயிர்நிலை எது என்றால் கட்டத்தின் அளவு. ஒரு கட்டத்துக்கு ஒரே எண்தான். அதற்குள் மலை இருக்கலாம், கண்மாய் இருக்கலாம், பொட்டல் இருக்கலாம். கணினிக்கு எல்லாம் ஒன்றே.

நம் ஊர்களை வைத்தே இதை விளக்கலாம். 1990களில் நம் நாட்டில் இயங்கிய மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மதுரையில் தொடங்கித் திருநெல்வேலியில் முடியும் நிலப்பரப்பு முழுதும் அதற்கு ஒரே புள்ளி. 2010களின் தொடக்கத்தில் கட்டம் 25 கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கியது. அப்போதும் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் செண்பகத்தோப்பு மலைச்சரிவும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அடுத்து வந்தது 12 கிலோமீட்டர் மாதிரி. அது ஏறக்குறைய நம் இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரம். 2025 மே மாதம் அறிமுகமான 'பாரத் முன்கணிப்பு அமைப்பு' 6 கிலோமீட்டர் கட்டம் கொண்டது. ஆனால் இராஜபாளையத்தின் மேற்கு எல்லையிலிருந்து மலை எழும் வேகத்தைக் கண்டோர்க்கு, 6 கிலோமீட்டரும் பெரிய அளவே என்று தோன்றும். சமவெளியில் தூறலும் மலைமேல் பேய்மழையும் ஒரே பொழுதில் பெய்வது நாம் அறிந்ததுதானே!

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். ஒரு முன்கணிப்பு பலித்ததா, பலிக்கவில்லையா என்று சொல்வது எளிதெனத் தோன்றும். எளிதன்று என்பதை 1884இல் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. ஜான் ஃபின்லி என்ற இராணுவ வானிலையாளர் சூறாவளிச் சுழல்காற்று பற்றி 2,803 முன்கணிப்புகள் வெளியிட்டார். அவற்றில் 96.6 விழுக்காடு சரி என்று அறிவிக்கப்பட்டது. உடனே கில்பர்ட் என்ற நிலவியலாளர், ஒவ்வொரு நாளும் 'சுழல்காற்று வராது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் 98.2 விழுக்காடு சரியாக இருந்திருக்கும் என்று எடுத்துக்காட்டினார். ஃபின்லி வரும் என்று சொன்னவை 100. அவற்றில் வந்தவை 28, வாராதவை 72. அவர் சொல்லாமலே வந்தவை 23. மற்ற 2,680 கணிப்புகளும் ஒன்றும் வராது என்று சொல்லி ஒன்றும் வராமல் போனவை. அவ்வெற்றுக் கணிப்புகளே அவருடைய மதிப்பெண்ணை உயர்த்தின.

அன்று தொடங்கி முன்கணிப்புகளை நான்காகப் பிரித்து நோக்கும் முறை நிலைபெற்றது. சொன்னது நடந்தது, சொன்னது நடக்கவில்லை, சொல்லாதது நடந்தது, சொல்லாதது நடக்கவுமில்லை. இவற்றில் நான்காவதை ஒதுக்கிவிட்டு முதல் மூன்றையும் எடைபோட வேண்டும். நடுவில் உள்ள இரண்டும் ஒரே தன்மையின அல்ல. வீண் எச்சரிக்கை நம்பிக்கையைக் கொல்கிறது. வாரா எச்சரிக்கை ஆளையே கொல்கிறது.

புயலைப் பொறுத்தவரை மூன்று கேள்விகள் உள. எங்கே போகும்? எவ்வளவு வேகமாகக் காற்று வீசும்? எவ்வளவு மழை பெய்யும்? இம்மூன்றிலும் மாதிரிகளின் தேர்ச்சி ஒன்றாக இல்லை.

முதல் கேள்வியில் முன்னேற்றம் பெரிது. புயலை நகர்த்துவது அதைச் சுற்றியுள்ள பெரும் காற்றோட்டம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த அதனைக் கட்டங்கள் நன்றாகவே பிடிக்கின்றன. இந்திய வானிலைத் துறை 2009 முதல் மூன்று நாட்களுக்கும், 2013 முதல் ஐந்து நாட்களுக்கும் பாதையை அறிவித்து வருகிறது. ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் பாதையில் நேரும் சராசரிப் பிழை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து, 80 கிலோமீட்டருக்குள் வந்திருக்கிறது. 1999இல் ஒடிசாப் பெரும்புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013இல் அதே மாநிலத்தைத் தாக்கிய பைலின் புயலுக்கு முன் இலட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டு, உயிரிழப்பு பத்துகளில் நின்றது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்ததும் எதிர்பார்த்தபடியே. தென்னைகளைக் காக்க இயலவில்லை; மக்களை முகாம்களுக்குக் கொண்டு செல்ல இயன்றது.

இரண்டாம் கேள்வியில் தடுமாற்றம் மிகுதி. காற்றின் வேகத்தைத் தீர்மானிப்பது புயலின் கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவர். அது சில கிலோமீட்டரே அகலமுடையது. பெரிய கட்டங்களில் கரைந்துவிடும். 2017 நவம்பர் 29இல் இலங்கைக்குத் தெற்கே வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. அதற்குப் பல நாட்கள் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்க்கு ஒரு நாள் அவகாசம் அவகாசமே அன்று. குமரி மாவட்டத்துக் கடலோர ஊர்கள் அதன் விலையைக் கொடுத்தன. அதே ஒக்கியின்போது நமக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தெற்கே, இதே மலைத்தொடரின் அடியில் உள்ள பாபநாசத்தில் ஒரு நாளில் 45 சென்டிமீட்டர் மழை பெய்தது. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் மற்றொரு வகையில் சோதித்தது. புயலாகும் என்று முதலில் கூறப்பட்டது. பிறகு ஆகாது என்று கூறப்பட்டது. பின்பு 29ஆம் நாள் புயலாகியே விட்டது.

மூன்றாம் கேள்வியே கடினமானது. மழையைத் தருவது கட்டத்தைவிடச் சிறிய மேகங்கள். அவற்றைக் கணினி நேராகக் காண்பதில்லை. தோராயமாகவே கணக்கில் கொள்கிறது. மதிப்பிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 40 சென்டிமீட்டர் மழையைச் சரியாகக் கணித்து, இடத்தை மட்டும் 30 கிலோமீட்டர் தள்ளிச் சொன்ன மாதிரி இரண்டு முறை தண்டிக்கப்படும். சொன்ன இடத்தில் பெய்யவில்லை என்பது ஒரு பிழை. பெய்த இடத்தில் சொல்லவில்லை என்பது மற்றொரு பிழை. ஒன்றுமே சொல்லாத மாதிரிக்கோ ஒரே பிழைதான். இதனைத் தவிர்க்கவே, புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடாமல் அக்கம்பக்கத்தையும் சேர்த்து ஒப்பிடும் முறைகளை இக்காலத்தார் வகுத்துள்ளனர். அறிஞர்க்கு அது நியாயமான முறை. ஆனால் கண்மாய்க்கரையில் நிற்பவர்க்கு 30 கிலோமீட்டர் என்பது வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம்.

இப்போது நம் பகுதி நேரில் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிடுவோம். இக்கட்டுரையின் நோக்கமே இவ்வொப்பீடுதான்.

2020 டிசம்பர் 2 இரவில் புரெவிப் புயல் இலங்கையின் திருகோணமலை அருகே கரையேறியது. அது மன்னார் வளைகுடாவைக் கடந்து பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே வரும் என்று கணிக்கப்பட்டது. தென்மாவட்டங்களுக்கு உச்ச எச்சரிக்கை. டிசம்பர் 4 அன்று விருதுநகர் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்கு அரசு பொது விடுமுறையும் அறிவித்தது. புயலோ மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து, இராமநாதபுரம் அருகே அசையாது நின்றுவிட்டது. அது இழுத்த ஈரமெல்லாம் வடக்கே காவிரிப் படுகையில் இறங்கியது. சிதம்பரம் பகுதியில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து, நடராசர் கோயிலுக்குள் நீர் புகுந்தது. தெற்கே அஞ்சியபடி எதுவும் நேரவில்லை. 'பெரிதாகச் சொன்னார்கள், ஒன்றும் இல்லை' என்பதே அன்றைய தேநீர்க்கடைத் தீர்ப்பு.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. அன்று புயல் இல்லை. தாழ்வு மண்டலம்கூட இல்லை. குமரிக் கடல் பக்கம் வளிமண்டலச் சுழற்சி ஒன்று மட்டுமே இருந்தது. பெயரும் இல்லை, கரை கடக்கும் நேரமும் இல்லை. 18ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, திருவைகுண்டத்தில் 62 என மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டில் பெய்யும் சராசரி மழையைவிடக் காயல்பட்டினத்தின் அந்த ஒரு நாள் மழை அதிகம். தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் சுமார் 800 பயணிகளோடு திருவைகுண்டத்தில் நின்றுபோயிற்று.

பிறகு எழுந்த வழக்காட்டை வாசகர்கள் நினைவுகூரலாம். டிசம்பர் 12ஆம் நாளே எச்சரிக்கப்பட்டது என்றார் ஒன்றிய நிதியமைச்சர். எச்சரித்த அளவும் பெய்த அளவும் ஒன்றல்ல என்றது மாநில அரசு. நாம் கட்சி பேச விரும்பவில்லை. இரண்டு கூற்றுகளும் ஒருங்கே பொருந்தும் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. வானிலைத் துறையின் அகராதியில் ஒரு நாளில் 20.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பெய்வது 'அதி கனமழை'. அதற்கு மேல் வகுப்பே இல்லை. 21 சென்டிமீட்டரும் அதுதான். 95 சென்டிமீட்டரும் அதுதான். அதி கனமழை என்று சொல்லி 95 பெய்தால், நான்கு கட்ட மதிப்பீட்டில் அது 'சொன்னது நடந்தது' என்ற வரிசையில் அமர்ந்துகொள்ளும். ஏட்டில் வெற்றி, வீட்டில் கழுத்தளவு நீர்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். புயலுக்குப் பெயரிடுவதும் வகைப்படுத்துவதும் காற்றின் வேகத்தைக் கொண்டே. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். தொடாவிட்டால் தாழ்வு மண்டலம். அதற்கும் கீழே வெறும் சுழற்சி. மழைக்கும் இந்தப் படிநிலைக்கும் தொடர்பு மிகக் குறைவு. விரைந்து செல்லும் வலிய புயல் குறைந்த மழையோடு போய்விடும். தயங்கி நிற்கும் மெலிந்த சுழற்சி ஊரை மூழ்கடிக்கும். ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே சாதாரணக் காற்றோடுதான் கரையேறியது. ஏறியபின் பல மணி நேரம் நகராமல் நின்றதால் மயிலத்தில் 51 சென்டிமீட்டரும், கடலே காணாத ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் பெய்தன. மக்களின் காதோ பெயருக்கே திறக்கிறது. பெயர் வைத்தால் அஞ்சுகிறோம், பெயரில்லாததைப் பொருட்படுத்துவதில்லை. மாதிரிகளை மட்டும் மதிப்பிட்டால் போதாது. அவை சொல்வதை நாம் கேட்கும் முறையையும் மதிப்பிட வேண்டும்.

இக்குறையை நீக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. ஒரே கணிப்பைப் போடாமல், தொடக்க அளவுகளைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணிப்புகளைப் போடும் முறை ஒன்று. இந்திய வானிலைத் துறை 2018 முதல் 12 கிலோமீட்டர் கட்டத்தில் இதனைச் செய்கிறது. இருபதில் இரண்டு கணிப்புகள் 50 சென்டிமீட்டருக்கு மேல் காட்டினால், அது சிறுபான்மை என்று ஒதுக்கத்தக்கதன்று. 'பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு' என்று மக்களுக்குச் சொல்லத்தக்கது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் மற்றொன்று. 2023 முதல் அவை புயலின் பாதையைப் பழைய மாதிரிகளுக்கு நிகராகவோ மேலாகவோ சொல்லத் தொடங்கியுள்ளன. எனினும் கடுங்காற்றின் உச்சத்தைக் குறைத்துக் காட்டும் இயல்பு அவற்றில் காணப்படுகிறது. சென்ற காலத்தைக் கற்று வருவதைச் சொல்லும் அவை, இதற்குமுன் நிகழாத 95 சென்டிமீட்டரை எங்ஙனம் சொல்லும் என்பது இன்னும் விடை காண வேண்டிய வினா.

எந்த மாதிரியாயினும் ஒப்பிட அளவை வேண்டும். காரைக்கால் ராடாரிலிருந்து இராஜபாளையம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். புவியின் வளைவால் அத்தொலைவில் ராடாரின் கதிர் பல கிலோமீட்டர் உயரத்தில் சென்றுவிடும். கீழே கொட்டுவது அதற்குத் தெரியாது. திருவனந்தபுரம், கொச்சிப் பக்கத்து ராடார்களுக்கோ மலையே திரை. எனவே நம் பகுதிக்கு மழைமானியே கண். அது நகரங்களிலும் அணைகளிலும் இருக்கிறது. மழை மிகுந்து பெய்யும் மலைச்சரிவில் அரிது. அளக்கப்படாத மழையைக் கொண்டு எந்தக் கணினியையும் பாராட்டவும் முடியாது, பழிக்கவும் முடியாது.

இங்கேதான் நமக்கும் ஒரு பணி உண்டு. மழைமானி விலை மிகுந்த கருவியன்று. தேவதானம், சேத்தூர், மம்சாபுரம், வத்திராயிருப்பு என மலையடி ஊர்களின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஒவ்வொன்றை வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதலாம். அந்த ஏட்டில் இரண்டு பத்திகள் போதும். நேற்று என்ன சொன்னார்கள் என்பது ஒன்று. இன்று எவ்வளவு பெய்தது என்பது மற்றொன்று. புரெவியையும் அதில் எழுத வேண்டும், 2023 மார்கழியையும் எழுத வேண்டும். பத்தாண்டு அப்படி எழுதினால், சிவப்பு எச்சரிக்கை வந்தால் நம் கண்மாய்க்கு என்ன பொருள் என்று தேநீர்க்கடைத் தீர்ப்பை நம்பாமல் நாமே சொல்லலாம். ரிச்சர்ட்சன் தவறிய விடையையும் அச்சிட்டதால் பின்வந்தோர் திருத்த முடிந்தது. ஏடு இல்லாத ஊரில் ஒவ்வொரு வெள்ளமும் முதல் வெள்ளமே.